வாசலில் ஒரு பீசாக்காரன்

எங்கள் லிவோர்னோவில் ஒரு சொலவடை:
வாசலில் பீசாக்காரன் நிற்பதைக் காட்டிலும்
வீட்டில் ஒரு சாவு விழுவது மேல்.

திங்கட்கிழமை காலை பத்தேகாலுக்கு
இரண்டும் எங்கள் வீட்டில் இருந்தன.

அப்பா உள்ளறையில் கிடந்தார்,
கோட்டுக்கு மேலே அணியின் கழுத்துத்துண்டு.
தண்டுக்கீரை வேகும்போது
நீரில் இறங்குமே, அந்தச் சிவப்பு.
சவப்பெட்டிக்காரன் தயங்கினான்.
அம்மா துண்டை நோக்கி விரலை நீட்டினாள், அவ்வளவுதான்.
சனி இரவிலிருந்து அவள் வாயில் ஒரு சொல் இல்லை.

ஞாயிறு ஆட்டம் இருந்தது, பீசாவோடு.
ஒரே கோல், எண்பத்தேழாவது நிமிடம், எங்களுடையது.
துறைமுகத்தில் சங்கு ஊதினார்கள்,
கால்வாய்ப் படகுகளில் பட்டாசு.
எங்கள் தெருவில் மட்டும்
ஜன்னலைச் சாத்திக்கொண்டு மெதுவாக மகிழ்ந்தார்கள்.
நேதோ ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று
மதுக்கடை பிரீமோ என்னிடமே கேட்டான்.

மணி அடித்தது. திறந்தேன்.
என் தோள் உயரம்கூட இல்லாத ஒரு கிழவர்,
மழைக்கோட்டு, கையில் எண்ணெய் ஊறிய பொட்டலம்.
"ரானியேரி" என்றார்.
அவர்கள் ஊர்ப் புனிதரின் பெயர்.
அதை வைத்துக்கொண்டு
வேறெங்கே பிறந்திருக்க முடியும்?

"உன் அப்பாவின் இடது புருவத் தழும்பு,
அது என் கல்."

அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்த கதையில்
கல்லெறிந்தவன் ஏழடி,
கை துறைமுகத்துப் பாரந்தூக்கி மாதிரி.
இவர் கால்மிதியில் காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்,
ஈரம் போன பிறகும்.

எனக்கு எங்கள் தொலைபேசி நினைவு வந்தது.
பீசாவை ஜெயித்த இரவுகளில் அப்பா
கூடத்து மூலைக்குப் போய் எண்ணைச் சுழற்றுவார்,
ஒரே ஒரு கெட்ட வார்த்தை, வைத்துவிடுவார்.
தோற்ற இரவுகளில் அது அடிக்கும்.
யாரும் எடுக்கக் கூடாது.
சூப் ஆறும், அது அடித்துக்கொண்டே இருக்கும்,
அப்பா ஒவ்வொரு மணியையும்
மீன்முள் போல விழுங்குவார்.
ராங் நம்பர் என்பாள் அம்மா.

"நேற்று ஜெயித்தீர்கள்.
நள்ளிரவுவரை உட்கார்ந்திருந்தேன், அழைப்பு வரவில்லை.
காலையில் ரயில் ஏறிவிட்டேன்.
வழி கேட்டால் என் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும்,
அதனால் சுவர் சுவராகப் பார்த்துக்கொண்டே நடந்தேன்.
மீன் சந்தைக்குப் பின்னால் ஒட்டியிருந்தது,
கறுப்புக் கட்டம் போட்டு, அவன் பெயர்."

பதினைந்து நிமிட ரயில்.
எண் எப்படிக் கைமாறியது என்று நான் கேட்கவில்லை.

கூடத்தில் வடக்கு வளைவின் ஆட்கள் ஆறு பேர்.
நாற்காலிகள் நகரும் சத்தம்.
அவர் அவர்களைக் கடந்து உள்ளே போனார்.
சிலுவை போட்டுக்கொள்ளவில்லை.
குனிந்து புருவத்தைப் பார்த்தார்,
பழைய பத்திரத்தில்
தன் கையெழுத்தைச் சரிபார்ப்பவர் போல.
"நன்றாகத்தான் தைத்திருக்கிறார்கள்."

பிறகு சமையலறை மேசையில் பொட்டலத்தைப் பிரித்தார்.
கடலைமாவு அடை, விளிம்பு கருகி,
மேலே மிளகு.
"கொஞ்சம் செச்சீனா கொண்டுவந்தேன்."

அம்மா நிமிர்ந்தாள்.
"தோர்த்தா."
இரண்டு நாளில் முதல் சொல்.

"செச்சீனா, சின்யோரா."
"இந்த வீட்டில் அது தோர்த்தா."
"அதே மாவு, அதே அடுப்பு..."
"தோர்த்தா!"
குரல் உடைந்தது, கண் உடைந்தது,
அழுதுகொண்டே கத்தியை எடுத்து அடையை வெட்டினாள்.
கருகிய மூலையை அவருக்குக் கொடுத்தாள்.
அவருக்கு அதுதான் பிடிக்கும்போல,
விரலை நக்கினார்.

கிளம்பும்போது அம்மா வாசல்வரை வந்தாள்.
தென்மேற்குக் காற்று
மாடிப்படியில் உப்பைக் கொண்டுவந்து போட்டது.

"அடுத்த முறை நாங்கள் தோற்றால்
கூப்பிடு" என்றாள்.
"நான் எடுக்க மாட்டேன்."